தெரியாத கருவி

நான் வாங்கவில்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
போகப் போக இது வேறு யாரையோ
குற்றம் சாட்டுவதுபோலக் கேட்டால்
இந்த வரிக்குத் திரும்பி வாருங்கள்.

சஸ்காட்சுவானில் மே மாதத் தொடக்கம் என்றால்
மேலே சேறு, முழ ஆழத்தில் இன்னும் பனி.
லரிசா கொஸ்டினியுக் அந்தச் சேற்றில்தான்
விதைப்புப் பெட்டியை லாரியில் கட்டிக்கொண்டு வந்தாள்.
கூட ஆர்மண்ட்.
வெல்டிங் பொறி பட்டுச் சட்டைக் கையெல்லாம் ஓட்டை.
கம்பெனியே அவ்வளவுதான், இரண்டு பேர்,
மூன்றாவதாக ஒரு கடன்.

கனோலா விதை கடுகுக்குத் தம்பி.
எங்கள் எந்திரங்கள் அதை வாரி இறைக்கும்.
அவளுடையது எண்ணி வைத்தது.
முட்டிபோட்டு மண்ணை விலக்கி நானும் எண்ணினேன்:
நூறு குழியில் தொண்ணூற்றெட்டு.
விதைச் செலவில் மூன்றில் ஒன்று மிச்சம் என்றாள்.
இரவு கணக்குப் போட்டால்
குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.
இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது
என் தலையில் பெரிய கம்பெனியின் தொப்பி.
இலவசமாகத் தந்தது.

என் டிராக்டரும் அவர்களுடையதுதான்.
பெட்டியை மாட்டியதும் திரையில் மஞ்சள் எழுத்து:
தெரியாத கருவி.
ஆர்மண்ட் மடிக்கணினியோடு நான்கு மணி நேரம்
கெஞ்சிப் பேசவைத்தான்.
குளிர்காலத்தில் டிராக்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
மறுபடியும் தெரியாத கருவி.
கடவுச்சொல் வேண்டுமென்றால் சங்கத்தில் சேர வேண்டும்,
சேரும் கட்டணம் அவர்களுடைய ஒரு வருட விற்பனை,
சங்கத் தலைவரின் மேசை எந்தக் கட்டடத்தில் என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.

டீலர் ஹாலிஸ் நல்லவன். என் மகள் கல்யாணத்தில் ஆடினவன்.
'அவள் பெட்டியைக் கடையில் வைத்தால்
என் பலகையைக் கழற்றிவிடுவார்கள்' என்றான்.
எழுத்தில் இருக்கிறதா?
சிரித்தான்.
குளிர் அடிக்கும் என்று யாராவது எழுதி வைப்பார்களா?

ரெஜைனா கண்காட்சியில் அவளுக்குப் பரிசு.
எல்லோரும் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.
ஐந்து பேர் மட்டும்
குனிந்து குனிந்து எந்திரத்தின் அடிவயிற்றை எடுத்தார்கள்.

எனக்கு விதைக்கப் பத்து நாள்.
அதில் இரண்டை மழை தின்னும்.
ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு ஒரு பெல்ட் அறுந்தால்
பெரியவர்களின் உதிரிபாகம் இருபது நிமிடத் தூரத்தில்.
அவளிடம் ஆர்மண்டின் கைப்பேசி.
ஆர்மண்டுக்கும் தூக்கம் வருமே.
டிராக்டர், அறுவடை எந்திரம், விதைப்பான்
மூன்றும் சேர்த்து எடுத்தால் வட்டி இல்லை.
ஒன்றை உருவினால்
மூன்றுக்கும் வட்டி எழுந்து வரும்.

'பக்கத்துக்காரன் வாங்கட்டும், பார்க்கலாம்.'
நான் டெர்க்சனைப் பார்த்தேன்.
டெர்க்சன் என்னைப் பார்த்தான்.
இப்படியே பார்த்துப் பார்த்து
மூன்று மே மாதம் போயிற்று.
அவளைப் பாராட்டாதவர் ஒருவருமில்லை,
பாராட்டை வைத்துத் தவணை கட்ட முடியுமானால்
இன்றைக்கு அவள் கோடீஸ்வரி.

பட்டறையில் இப்போது படகுகள் குளிர் காய்கின்றன, வாடகைக்கு.

இந்த வருடம் பெரிய கம்பெனியின் விலைப் பட்டியல்,
பதினான்காம் பக்கம்:
ஒரு குழி, ஒரு விதை.
அதை வாங்கினேன்.
மாட்டியதும் திரை பச்சையாகச் சிரித்தது.
பழக்க தோஷம், இறங்கி முட்டிபோட்டு எண்ணினேன்.
தொண்ணூற்றொன்று.

தொப்பியின் உள்பக்கம் வாடிக்கையாளர் எண் அச்சடித்திருந்தது.
நான் அழைத்தது வேறு எண்.
எடுத்ததும் குரலைக் கண்டுகொண்டாள்.
'எத்தனை?'
சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
'வேகத்தைக் குறையுங்கள். மணிக்கு நான்கரை மைல்.
தொண்ணூற்று நாலு வரும்.'

குறைத்தேன்.
வந்தது.