ஈரப்பதம்

காணும் பொங்கலுக்கு முந்தின ராத்திரி
பொறையாற்றிலிருந்து எல்கைக் கொடி வரைக்கும்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
நெடுஞ்சாலைத் துறை மண் ஆய்வுக்கூடத்தில்
பதினொரு வருஷமாக
மண்ணை டப்பாவில் நிறுத்து, அடுப்பில் காயவைத்து,
மறுபடி நிறுத்து,
காணாமல் போன தண்ணீரைக் கணக்கெழுதுகிறவள்.
உள்ளங்காலுக்குத் தனியாகச் சம்பளம் இல்லை.

நாளைக்கு ஓடப்போகிறவள் ரசீது, நடுக்குதிரை.
அடகுக்கடைச் சீட்டு மூன்றைக் கொடுத்து
சாகுல் வாங்கி வந்ததால் அந்தப் பெயர்.
வண்டியில் என் தம்பி அந்தோணிராசு.

தார், கடன் கொடுத்தவன் மாதிரி.
வைத்த அடியை அப்படியே திருப்பி
வட்டியை மூட்டில் ஏற்றும்.
கொள்ளிடத்து மணல் நேர்மாறு,
எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது.
கோடையில் ஒருநாள் அங்கே ஓட்டிப் பார்த்தான்,
நூறு கஜத்தில் ரசீது நின்று
அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அறுத்த சம்பா வயலில் மேலே தாள், கீழே களி.
களி காலை உள்ளே வாங்கி,
கொஞ்சம் யோசித்து,
லாடத்தை வைத்துக்கொண்டு குளம்பை மட்டும் விடும்.

சென்னையில் புல்தரையாம்.
ஓட்டத்துக்கு முன்னால் ஒரு கோலைச் செருகி
எவ்வளவு இறங்குகிறதென்று பார்த்து
பலகையில் எழுதிப் போடுவார்களாம்.
எங்கள் கமிட்டியில் தரை என்று சொன்னால்
பந்தலுக்கு எத்தனை சதுரடி என்று கேட்பார்கள்.

அலை இப்போதுதான் விட்டுப் போன ஈரமணல்,
தரங்கம்பாடிக்கு வடக்கே, முப்பதடி அகலம்,
அதுவும் ஒரு மணி நேரத்துக்குத்தான்.
அங்கே மட்டும் அவள் காது இரண்டும் முன்னால் வரும்.
டப்பாவில் அள்ளிப் போய்ப் பார்த்தேன்: பதினெட்டு.

மூன்றாவது மதகில் நின்றேன்.
போன வாரம் போட்ட தார், பனியில் மினுமினுத்தது.
அதற்கடியில் நிரப்பிய மண்ணை
நான்தான் சோதித்தேன்.
இறுக்கம் தொண்ணூற்று ஒன்று.
'அஞ்சாப் போட்டுடும்மா, பண்டிகை நேரம்' என்றார்
உதவிப் பொறியாளர்.
போட்டேன்.
கையெழுத்து என்னுடையது, மை நீலம்.

ரைஸ்மில் வாசலிலிருந்து உமி,
பாலத்தடி மணல்,
சாக்குச் சாக்காக இழுத்து வந்து கொட்டி
நாலு மணி வரை காலால் பரப்பினேன்.
விடிந்ததும் கமிட்டி ஆட்கள் வந்து
'எவன்டா குப்பை கொட்டினது' என்று
சுத்தமாகக் கூட்டித் தள்ளிவிட்டார்கள்.

பச்சைக் கொடி. பதினேழு வண்டி.
மதகுக்கு வரும்போது ரசீது இரண்டாவது.
சாரதி இழுக்காமல், சாட்டை படாமல்,
தானாகவே இடப்பக்கம் ஒதுங்கி
செம்மண் ஓரத்தில் இறங்கி, அதற்கும் கீழே
வயல் விளிம்பின் சேற்றில் நாலு பாய்ச்சல்,
மறுபடி மேலே.
அதற்குள் ஐந்து வண்டி அவளைத் தாண்டியிருந்தது.
அந்த ஐந்தும் புதுத் தாரின் மேல்தான் போயின.
ஒன்றும் வழுக்கவில்லை.
ஒன்றும் உள்வாங்கவில்லை.
ஜனம் விசிலடித்தது.

'நீதான் அவளைக் கெடுத்தே,
மணல்ல நடக்கவிட்டு, மண்ண மோக்கவிட்டு.'
தம்பி மூன்று நாள் பேசவில்லை.
சாகுல் மட்டும் அவள் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார்.
குளம்புக் குழியில் அப்பியிருந்த சேற்றை
சீப்புக் காம்பால் சுரண்டி எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸ் திறந்த அன்றைக்கு முதல் டப்பா அதுதான்.
ஒரு நெல்தாள், கொஞ்சம் சரளை, மீதி களி.
இருபத்தாறு.
எந்தக் கோப்பிலும் இதைச் சேர்க்க முடியாது.
வேறொரு கோப்பைப் பிரித்து
தொண்ணூற்று ஐந்தை அடித்து
பக்கத்தில் ஒன்று என்று எழுதும்போது
வழவழப்பான காகிதத்தில்
பேனா கொஞ்சம் வழுக்கியது.