எடைமேடையில் ஒரு கரடி

கலாமாவுக்கு வெளியே, ஐந்தாம் வாசல்.
மழையைச் செய்தியில் மட்டும் பார்க்கும் ஊர்.
நான் எடைமேடை எழுத்தன்.
லாரி ஏறும், எண் எரியும்,
வெறும் வண்டியின் எடையைக் கழித்து
மிச்சத்துக்கு ஒரு பெயர் போட்டு முத்திரை குத்துவேன்.
பதினான்கு வருடம். அந்தப் பெயர்களில் ஒன்றையும்
நான் படித்ததில்லை.

நேலிதா கோல்கே டேங்கர் ஓட்டுபவள்.
பின்புறம் ஆரஞ்சுப் பலகை, அதில் 1830.
அவளுக்கும் வெகுகாலம் அது வெறும் அமிலம்தான்,
தெருநாயை நாய் என்பதுபோல.
மார்ச்சில் இரவு வகுப்பில் சேர்ந்தாள்.
அன்றிலிருந்து அவள் வெயில்மறைப்பு முழுக்க அட்டைகள்.
வரிசையில் நிற்கையில்
என் ஜன்னல்வரை கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பாள்:

"குளோரின் தனியாய் வந்தால் குளோரூரோ.
ஊரோ என்பது பூண்டற்றுப்போன காட்டெருது.
மூச்சில்லை. ஆக்சிஜன் இல்லை. சரியா?"
சரி என்பேன். எனக்கென்ன தெரியும்.

"சுல்ஃபாத்தோ. ஆத்தோ என்றால் கட்டுகிறேன்.
நாலு ஆக்சிஜனையும் ஒரே கயிற்றில் கட்டியாயிற்று.
ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடினால் சுல்ஃபித்தோ.
இத்தோ, நாம் செல்லம் கொஞ்சும் விகுதி.
அம்மா என்னை நேலிதித்தா என்றுதான் கூப்பிட்டாள்,
எந்த ஆக்சிஜனை எங்கே தொலைத்தேனோ."

"ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொண்டால் அமிலம்.
அப்போது ஆத்தோ இக்கோ ஆகும்,
இத்தோ ஓசோ ஆகும்.
ஓசோ, கரடி! செல்லக்குட்டி வளர்ந்து கரடியாகிறது,
மறக்காதே."
மறக்க நான் எங்கே படித்தேன்?

செம்புக் கதை மட்டும் உடனே புரிந்தது.
செம்பு இரண்டு எலெக்ட்ரான் கொடுத்துவிட்டு நிற்கிறது,
குளோரின் ஒன்றுக்கு மேல் வாங்காது,
ஆகவே இரண்டு குளோரின். கூட்டினால் சைபர்.
இது என் தொழில்.
வண்டி இறங்கியதும் திரையில் ஐந்து சைபர் வரவேண்டும்,
வராவிட்டால் எவனோ கடன் வைத்துப் போயிருக்கிறான்.

"அப்புறம் செம்புக்குப் பக்கத்தில் ரோமன் இரண்டு எதற்கு?"
"செம்பு சில நாள் ஒன்றுதான் கொடுக்கும்.
வந்தது எந்தச் செம்பு என்று கேட்டுத்தான் எழுதணும்.
சோடியத்தை யாரும் கேட்பதில்லை,
அதன் கொடை ஊரறிந்தது."

ஆகஸ்ட். செவ்வாய். விடியாத ஐந்து மணி. மைனஸ் இரண்டு.
கையுறையோடு விசையைத் தட்டினேன்,
பட்டியலில் ஒரு வரி தாண்டி விழுந்தது விரல்.
தாளை வாங்கிய நேலிதா
எவரும் செய்யாததைச் செய்தாள்: படித்தாள்.
இறங்கி வந்தாள்.

"பலகையில் 1830. தாளில் 1833, சுல்ஃபூரோசோ.
என் டேங்கரில் கரடி கிடையாது.
உன் தாள்தான் கரடி விடுகிறது."

"ரெண்டு எழுத்து, நேலிதா."
"ஒரு ஆக்சிஜன்.
வளைவில் நான் கவிழ்ந்து கிடந்தால்
தீயணைப்புக்காரன் என்னைக் கேட்கமாட்டான்,
இதைத்தான் படிப்பான்.
தவறான மிருகத்துக்குத் தயாராகி வருவான்."

ரத்து செய்ய மேலாளரின் சாவி வேண்டும்.
மேலாளர் இத்துர்ரா காலைக் காப்பியில் இருந்தார்.
இருபத்திரண்டு நிமிடம்.
பின்னால் எட்டு லாரி ஹார்ன்,
அதில் ஒருவன் எங்கள் இருவரின் தாயாரையும்
தனித்தனியாக விசாரித்தான்.
புதுத் தாளை விரல் வைத்து எழுத்தெழுத்தாய் வாசித்து,
இக்கோவில் விரல் கொஞ்சம் நின்று,
கையெழுத்திட்டுப் போனாள்.
ஐந்து சைபர்.

டிசம்பரில் ஜன்னலருகே வேகம் குறைத்தாள்.
"மூன்று புள்ளி எட்டு. நாலு எடுத்தால்தான் தேர்ச்சி."
"எதில் சறுக்கியது?"
"இரும்பு. இரண்டு கொடுத்ததா மூன்று கொடுத்ததா
என்று கேட்காமல் எழுதிவிட்டேன்."
சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.
"மார்ச்சில் மறுபடி" என்று கியர் மாற்றினாள்.

இப்போது தாளை நீட்டும்முன்
ஒவ்வொரு வால் எழுத்தையும் பார்க்கிறேன்.
வரிசை மெதுவாகிறது, திட்டு விழுகிறது.
ரத்தான அந்தத் தாள் குப்பைக்குப் போகவில்லை.
எட்டாய் மடித்து
மேசையின் குட்டைக் காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறேன்.
கரடி சுமக்கிறது.
மேசை ஆடுவதில்லை.