அண்ணாச்சிக்குத் தனிச்சட்டி

அரைக் கிலோ ஆட்டுக்கறி.
சயான் மார்க்கெட்டில் விடியுமுன்னே வரிசை.
நெஞ்செலும்பு கேட்டேன், கழுத்தைப் போட்டான்.
கிறிஸ்துமஸ் காலையில் பேரம் பேசவா முடியும்.

தேவஇரக்கம் அண்ணாச்சி வருகிறார்.
பதினோரு வருஷமாய் வருகிறார்.
இவரை வடாலா குடோனில் சேர்த்துவிட்டவர்,
இந்த அறைக்கு ஆள் பிடித்துத் தந்தவர்,
முதல் மாத வாடகையை
எண்ணாமல் எடுத்துக் கொடுத்தவர்.
எண்ணாமல் கொடுத்ததைத்தான்
பிறகு எத்தனை முறை எண்ணினார்.

போன வருஷம் ஜெபத்திலேயே வந்துவிட்டது:
"அன்றைக்கு நிற்க இடமில்லாமல் வந்த
இந்தக் குடும்பத்தை நினைத்தருளினீரே,
உமக்கு ஸ்தோத்திரம்."
எல்லாரும் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள்.
நான் குழம்பில் ஏடு படிவதைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மதினி போனில் சொன்னாள்,
பிரஷர், கிட்னி,
உப்பு ஆகவே ஆகாதாம்.
அதனால் உப்புப் போடுமுன்
நாலு துண்டு, ரெண்டு கரண்டி சாறு
எடுத்து வைத்தேன் ஒரு சின்னச் சட்டியில்.
மிளகு கூடத் தட்டிப் போட்டு,
எலுமிச்சை பிழிந்து, திரும்பக் கொதிக்க விட்டு,
எதுக்குடி இத்தனை மெனக்கெடல் என்று
என்னையே கேட்டுக்கொண்டு.

மாடி ஏறுகையில் மூன்று இடத்தில் நின்றார்.
சட்டை தோளைவிட்டு இறங்கிக் கிடந்தது.
ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி என்றார் இவர்.
"நீ பண்ணும்மா" என்றார் என்னைப் பார்த்து.

இத்தனை வருஷம் வாய்க்குள் அடக்கியிருந்தது
ஒரு வார்த்தையும் வரவில்லை.
"இந்த ஆகாரத்துக்காக" என்றேன்.
அப்புறம் "ஸ்தோத்திரம்" என்றேன்.
ஹார்பர் லைன் வண்டி ஒன்று கடந்து போகிறவரை
யாரும் ஆமென் சொல்லவில்லை.

சாறை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார்.
"உப்பு சரியா இருக்கு" என்றார்.

ஜெர்லின் என்னைப் பார்த்தாள்.
நான் அவளுக்கு அப்பளம் வைத்தேன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உப்பிடாதவளை என்ன செய்ய வேண்டும்
என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

போகும்போது பிள்ளை கையில் இருநூறு ரூபாய்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
வாடகைப் பேச்சு இந்த முறை வரவே இல்லை,
அதுவும் பிடிக்கவில்லை.

சட்டியை வழித்து நாக்கில் வைத்தேன்.
துளிகூட இல்லை.

அடுத்த வருஷமும் வரட்டும் என்று
நினைத்ததாய்ச் சொல்ல மாட்டேன்.
கழுவிய சட்டியை மட்டும்
பரணில் போடாமல்
கைக்கெட்டுகிற தட்டில் கவிழ்த்து வைத்தேன்.