அறுநூற்று எண்பது அடி

பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் படுக்கச் சொன்னார்கள்.
உடைந்த பெஞ்சு, சத்துணவு முட்டை அட்டை,
சுவரில் ஆப்பிரிக்கா.
கரையான் காங்கோ வரைக்கும் வந்திருந்தது.

டார்ச் அடித்துத் தேடினேன்.
ரெண்டு வருஷம் நான் சோறு தின்ற நாட்டுக்கு
இதில் இன்னும் பழைய பெயர்:
மேல் வோல்ட்டா.
நான் பிறக்கும் முன்னே மாற்றிவிட்டார்களாம்.
கொட்டாம்பட்டிக்குத் தாக்கல் வரவில்லை.

நாங்கள் போர் போட்ட தங்கூரியும் இல்லை.
வாகடூகுவிலிருந்து ரிக் வண்டியில் ஒரு பகல்,
அப்புறம் மாட்டுத் தடம்.
மண் நம்ம மண்தான், செக்கச்செவேலென்று.
காட்டில் கம்பும் சோளமும்.
பொந்தன்புளி ஒவ்வொன்றும் தேர்முட்டி அளவு.
மார்கழியில் வடக்கிருந்து வரும் காற்று
பாலைவனத்தையே மூக்குக்குள் கொட்டும்.

கிழக்கே ரெண்டு கல் தொலைவில் ஆறு.
வரைபடத்துக்கு வெள்ளை வோல்ட்டா,
அவர்களுக்கு நகாம்பே.
மழைக்காலத்தில் ரெண்டு கரையும் ததும்பும்.
கரையில் ஒரு குடிசை கிடையாது.
ஆத்துத் தண்ணியை விட்டு
மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு
போர் போடக் கூப்பிடுகிற சனத்தை
நான் எங்கே கண்டேன்?

நோவாகாதான் சொன்னார், அந்த மண்ணுக்குப் பூசை வைக்கிறவர்.
நோவாகா என்றால் கோழி.
பிட் இறங்குமுன் மண்ணிடம் கேட்கணும் என்று
தன் பெயர் கொண்டதையே அறுத்து
குறித்த இடத்தைச் சுற்றி ரத்தம் விட்டார்.
எங்கள் முனியாண்டிக்குச் சேவல். கணக்கு சரி.

மொழிபெயர்த்தவன் விழுங்கியது போக அவர் சொன்னது:
முன்னே ஊர் கரையில்தான் இருந்தது.
அங்கே ஒரு கறுப்பு ஈ, எள்ளளவு.
ஓடுகிற தண்ணீரில்தான் முட்டையிடும்.
கடித்தால் நமைச்சல், வருஷக்கணக்காய்.
நாற்பது வயதுக்குள் பார்வை போகும்.
குச்சியின் ஒரு முனையில் சின்னப் பிள்ளை,
மறு முனையில் அப்பன்,
அப்பன் தோளில் சித்தப்பன் கை.
ஒரு வருஷம் விதைக்கக் கண்ணுள்ள ஆளில்லை.
ஊர் எழுந்து மேட்டுக்குப் போய்விட்டது.

வெள்ளைக்காரன் தலைவரிக்கு வந்தவன்
கரையில் நின்று பெயர் பெயராய்க் கூப்பிட்டானாம்.
பானையோடுகள் கிடந்தன.
பிறகு மேட்டையும் கண்டுபிடித்தான்.
தண்டவாளம் போடத் தெற்கே போன முப்பத்தோரு பேரில்
திரும்பியது ஒன்பது.

எங்கள் பக்கமும் ராத்திரிக்கு ராத்திரி
கைரேகை வைத்த ஊர்கள் உண்டு என்றேன்.
மொழிபெயர்த்தவன் என்ன சொன்னானோ,
நோவாகா என் கட்டைவிரலைப் பிடித்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

இப்போது மருந்தடித்து ஈ குறைந்துவிட்டது.
சிலர் இறங்கிப் போனார்கள்.
நோவாகா வீட்டில் இறங்கவில்லை.

அங்கே நூற்றெழுபது அடியில் தண்ணீர்.
பெண்கள் போட்ட சத்தம் அச்சு அசல் குலவை.

நான் மேலூர்க்காரன்.
எங்களுக்கு ஆறு என்றால் மதுரையில் ஒரு பாலம்.
டவுன் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம்.
நாங்கள் எழுந்து போகவில்லை, ஆறுதான் போனது.
குற்றம் சொல்ல ஓர் ஈ கூட இல்லை.

புத்துராம் கதவைத் தட்டினான், சத்தீஸ்கர்ப் பையன்.
"அண்ணா, அறுநூத்தி எம்பது. புகைதான்."
வேப்பமரம் முழுக்கக் கல்மாவு.
ஹெட்மிஸ்ட்ரஸ் செபக்கனி முந்தானையால் வாயைப் பொத்தி
"இன்னும் நூறு போட்டா?" என்றார்.
இதே கேள்வியை அறுநூறிலும் கேட்டார்.
ராடுகளைக் கழற்றச் சொன்னேன்.

விடிந்ததும் படுக்கை சுருட்டும்போது
அவர் சுவர் முன்னால் நிற்கிறார்.
"அரசாங்கச் சொத்துல பேனா வச்சது யாரு?"
"ஊர் டீச்சர். விட்டுப் போயிருந்துச்சு."
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
அந்தப் புள்ளிக்குக் கிட்டத்தில் போய்
"தண்ணி வந்துச்சா?" என்றார்.
வந்துச்சு.
"எத்தனை அடி?"