கருத்துக் கேட்பு

ஒன்பதே முக்காலுக்கு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு
ஹம்ரியாவின் பெரிய சாலையை
செடிவேலி இடைவெளி வழியாகத்தான் தாண்டுவேன்.
பகலில் அதே சாலையை
அலுவலகத்தில் வரைகிறேன்.
என் வரைபடத்தில் அந்த இடைவெளி கிடையாது.
நடுத்தடுப்பில் அறுநூற்று நாற்பது மீட்டருக்குக்
கம்பிவேலி போட்டிருந்தேன்.
போடச் சொன்னார்கள்.
பச்சை லேயர், இரண்டே சொடுக்கு.
கோடியில், பெட்ரோல் பங்க் பக்கம்,
நாற்பத்தெட்டுப் படியோடு ஒரு நடைமேம்பாலம்.

இஷா முடிந்ததும் பள்ளிக்கூட அரங்கில் கூட்டம்.
நான் மடிக்கணினிக்காரன்.
"அடுத்தது" என்றால் அடுத்த படம்.
"பெரிதாக்கு" என்றால் பெரிதாக்குவேன்.
கருத்து சொல்ல வந்தவர்கள் எதிரே இருந்தார்கள்.

கஹ்வா வந்தது, பேரீச்சை வந்தது,
பிறகு துறைகள் வந்தன.
பெரிய சாலை எங்களுடையது என்றது அமைச்சகம்.
இணைசாலை எங்களுடையது என்றது நகராட்சி.
கம்பம் எங்களுடையது, வெளிச்சம் அவர்களுடையது
என்றார் மின்சாரக் கம்பெனிக்காரர்.
வாதியில் வரும் வெள்ளம் யாருடையது என்று மட்டும்
யாரும் சொல்லவில்லை.
போன மழைக்கு அது யாரையும் கேட்காமல் வந்து
மூன்று கார்களைத் துறைமுகப் பக்கம் தள்ளிப்போனது.
மளிகைக்கடை முதலாளிக்குப் பார்க்கிங் வேண்டும்.
மருந்துக்கடைக்காரருக்கு
அந்தப் பார்க்கிங் தன் வாசலில் வரக்கூடாது.
அரை மணி நேரம் இதிலேயே போயிற்று.

கடைசி வரிசையில் செய்யது மசூது,
அதிராம்பட்டினத்துக்காரர், அரிசி குடோனில் மூட்டை இறக்குபவர்.
கையில் கருத்துப் படிவம்.
வசிப்பவர் விவரம் என்ற இடத்தில்
இரண்டே பெட்டி: சொந்த வீடு, வாடகை.
பக்கத்தில் இருந்தவரிடம் பேனா வாங்கி
மூன்றாவதாக ஒரு பெட்டி வரைந்தார்,
கோணலாக.
"மேல் கட்டில்" என்று தமிழில் எழுதி
டிக் அடித்து அனுப்பிவிட்டார்.

படிவம் கைமாறிக் கைமாறி
கவுன்சில் உறுப்பினர் ஸுஆத் அல் ஹப்ஸியிடம் போனது.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகப் பிடித்தார்,
என் பக்கம் நீட்டினார்.
படித்துச் சொன்னேன்.
முன் வரிசை சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
"இவர் எந்த இடத்தில் சாலையைத் தாண்டுகிறார்?"

வான்படத்தைப் பெரிதாக்கினேன்.
செடிவேலியில் ஒரு ஓட்டை.
அதிலிருந்து வெறும் மண்ணில் வெளிறிய ஒரு கோடு,
காஃப் மரத்துக்கு மரியாதையாகக் கொஞ்சம் வளைந்து,
தார் வரை.
"இது யார் வரைந்தது?"
"யாரும் வரையவில்லை மேடம். நடந்தது."
என் அரைகுறை அரபியில் அது என்னவாக விழுந்ததோ,
அரங்கம் அந்தக் கோட்டையே பார்த்தது.

"சரி, இந்த நான்கு மீட்டர் மண் யாருடையது?"
அமைச்சகம் நகராட்சியைப் பார்த்தது.
நகராட்சி தன் கோப்பைப் பார்த்தது.
இரண்டு எல்லைக் கோடுகளும் என் திரையில்
அந்த மண்ணைத் தொடாமல் இரண்டு பக்கமும் நின்றன.
வரைந்தவன் நான்தான்.
அது நாள்வரை கவனித்ததில்லை.

தீர்மானம் எதுவும் ஆகவில்லை.
எண்ணிப் பாருங்கள் என்றார், அவ்வளவுதான்.
வியாழக்கிழமை ஐந்து முதல் பதினொன்று வரை
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எண்ணினேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒன்பதே முக்காலுக்கு எழுந்துபோய்
பதின்மூன்றாவது ஆளாக நானும் தாண்டிவிட்டு வந்து
உட்கார்ந்தேன்.

ஒரே கடிதத்தில் இரண்டு முத்திரை விழ
ஐந்து மாதம் ஆனது.
திருத்தம் மூன்று.
கம்பிவேலியை மூன்றரை மீட்டருக்கு வெட்டினேன்.
வரிக்கோடு, சிக்னல், பச்சை மனிதன்.
வழித்தடத்துக்கு எந்த நிறம் என்று
நெடுநேரம் யோசித்து
மண்ணின் நிறத்தையே கொடுத்தேன்.

திறந்த முதல் இரவு மசூதுடன் நின்றேன்.
பச்சை விழுந்தது. பதினான்கு நொடி.
நடுத்தடுப்பை எட்டும்போதே சிவப்பு.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு
லாரி போவதற்காக நின்றார்.
"இருபதாவது வேணும்ப்பா" என்றார்.
"அடுத்த கூட்டம் எப்ப?"