தங்கூசி

கூட்டுறவு வங்கியின் பெட்டகத்தில்
ஏழு கிராம் எழுநூறு மில்லியாக இருக்கிறது
என் காது.
ரசீது அரிசிப் பானைக்குள்.

துளை தூர்ந்துவிடக் கூடாதென்று
ஈர்க்கு ஒடித்துச் செருகியிருக்கிறேன்.
விளக்குமாறு மாதாமாதம்
இரண்டு ஈர்க்கு இளைக்கிறது.

தங்கச்சிமடத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் மாதம்.
தொம்மை பகலிலும் வீட்டில்,
ஃபேனுக்கு அடியில்
கவிழ்த்துப் போட்ட வத்தைபோல.

ஞாயிற்றுக்கிழமை பிலோமி மகளுக்குப் புதுநன்மை.
ஈர்க்கோடு வந்துவிடாதே அக்கா என்று
அவள் சொல்லவில்லை.
என் காதைப் பார்த்துவிட்டு
மழை வருமா என்று கேட்டாள்.
சித்திரையில்.

ராத்திரி பழைய பனியனைத் தரையில் விரித்து
இருப்பதையெல்லாம் கொட்டினேன்.
தூண்டில் பெட்டியில் கிடந்த பித்தளைச் சுழலி இரண்டு,
ஈயக்குண்டு (காதுக்குக் கனம், தள்ளிவைத்தேன்),
கரையில் பொறுக்கிய பாட்டில் சில்லு நாலு.
யாரோ குடித்து எறிந்ததைக்
கடல் இருபது வருஷம் சப்பிப்
பச்சைக் கற்கண்டாகத் துப்பியது.
அறுந்த ஜெபமாலையில் மிஞ்சிய ஒன்பது மணி.
மணிகளை முதலில் ஒதுக்கித்தான் வைத்தேன்.
பிறகு இரண்டை எடுத்தேன்.
மாதாவுக்கும் காது இருக்கிறது.

கண்ணாடியில் துளை விழவில்லை.
கோணி ஊசி வளைந்தது.
ஆணி வைத்துத் தட்டியதில்
ஒரு சில்லு ரெண்டாகி என் விரலைக் கிழித்தது.
விரலைச் சூப்பிக்கொண்டே யோசித்தேன்:
துளை போட்டா மீனைப் பிடிக்கிறது வலை?

தங்கூசி ஒரு முழம் அளந்தேன்.
முதல் இரண்டெழுத்து வரை
அதுவும் நகைதான்.
வலைக்குப் போடுகிற அதே முடிச்சு,
அளவு மட்டும் பத்தில் ஒன்று.
சாளைக்குஞ்சுகூட நுழையாத கண்களுக்குள்
பச்சைச் சில்லு மாட்டிக்கொண்டு முழித்தது.
கீழே மணி, மேலே சுழலி.
கொக்கிக்குத் தூண்டில் முள்ளை
ஆட்டுக்கல்லில் தேய்த்து மழுக்கினேன்.
பிடிக்க மட்டுமே தெரிந்த இரும்பு
சும்மா தொங்கப் பழக
ஒரு மணி நேரம் ஆனது.

பிரியாணிப் பந்தியில்
மதுரைக்காரி ஒருத்தி கேட்டாள், எந்தக் கடை?
கரைப்பக்கம் என்றேன்.
விலை?
ஒரு வாய் சோறு முழுங்கிவிட்டு
முந்நூறு என்றேன்.
எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.
குறைக்க மாட்டாங்களா என்றாள்.
மாட்டாங்க.
அவங்களை எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை
தூண்டிலுக்குப் போகும் வத்தையில் தொம்மைக்கு இடம் கிடைத்தது.
விடியுமுன் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்.
"சுழலி ரெண்டு கிடந்துச்சே?"
நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.
டார்ச் வெளிச்சம் சுவரில் அலைந்து
என் காதில் வந்து நின்றது.
கல்யாணமான வருஷத்தில்கூட
அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
"ஒன்னு போதும்" என்றார்.

இடக்காதைக் கழற்றினேன்.
முடிச்சை அவிழ்க்க அவருக்குத் தெரியவில்லை.
நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.
சில்லும் மணியும் ஆட ஆட
அப்படியே கயிற்றில் கோத்துக்கொண்டு போனார்.

இப்போது மணி பதினொன்று.
எங்கோ ஆறு பாகம் தண்ணீருக்கு அடியில்
என் இடக்காது
மீன் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.
வலக்காதோடு நான் குழாயடியில் நிற்கிறேன்.
வரிசையில் பின்னால் பிலோமி.
அவள் வாய் திறக்குமுன்
மழை வராது என்றேன்.