நான்கு நொடி

"அரிதாக: திடீர் மயக்கம்" என்று
அடித்து முடிப்பதற்குள்
மயங்கிவிட்டது கணினி.

முன்னறிவிப்பு இல்லை, நீலத்திரை இல்லை.
மின்விசிறி ஒரு மூச்சு விட்டு நின்றது.
கறுத்த திரையில் என் முகம்,
அதன் பின்னே ஜன்னல்,
ஜன்னலில் க்ல்தானியின் ஒன்பது மாடி வரிசை,
ஒரே ஒரு பால்கனியில் மட்டும் விளக்கு.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இருக்கிறதே,
யாரும் படிக்காதது,
அதை ஜெர்மனிலிருந்து ஜார்ஜியனுக்குக் கொண்டுவருபவள் நான்.
பக்கத்துக்கு எட்டு லாரி.
பக்கவிளைவுகள் எவ்வளவு நீளமானாலும்
தனிக் கூலி கிடையாது.

பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன்.
வேறு சுவர், வேறு துளை.
ஜார்ஜியனில் திட்டினேன்.
பலிக்காததால் ரஷ்யனில்.

எலியாவா சந்தையில் அவ்தோ சொன்னான்:
"சூடு. எப்போதும் சூடுதான்."
கதவைக் கழற்றினால்
உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை.
பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தேன்.
பற்பசை போன்ற ஒன்றைப் பட்டாணி அளவு வைத்துப்
பிராசஸரின் தலையில் அப்பினேன்.
அறுபது லாரிக்கு மின்பெட்டியையும் மாற்றினேன், பழையதுதான்,
யாருடைய வீட்டிலோ புகைத்த சிகரெட் வாசம் இன்னும் அதில்.

அன்றிரவும் அணைந்தது.

அதன்பிறகுதான் மணியைக் குறித்தேன்.
திங்கள் 2.50.
செவ்வாய் 2.52.
புதன் பகல் முழுக்க ஓடியது, பிறகு 2.49.
அந்த நேரத்தில்தான்
எட்டாம் மாடி கோச்சா
ரொட்டி அடுப்பு மூட்டக் கிளம்புகிறான்.
காசு போட்டால் நகரும் லிஃப்ட்.
அவன் போடும் காசு உண்டியலில் விழும் சத்தம்
மூன்றாம் மாடிவரை கேட்கும்.
அதற்குப் பிறகு ஒரு உறுமல், விளக்கில் ஒரு சிமிட்டல்.

பிடித்துவிட்டேன் திருடனை.
மூன்று நாள் அவனை மனதார வெறுத்தேன்,
அவன் கடை ரொட்டியையே தின்றுகொண்டு.

நான்காம் நாள் மாலை வழிமறித்தேன்.
"ராத்திரி மட்டும் படியில் இறங்குகிறாயா?"
ஏன் என்று கேட்பான் என
வோல்ட்டேஜ் பற்றி ஒரு விளக்கம் தயாராய் வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
"உங்களுக்குத் தூக்கம் கெடுகிறதோ" என்றான்,
தலையாட்டிவிட்டேன்.

அன்று மணி இரண்டே முக்கால்:
செருப்பைக் கையில் பிடித்து இறங்குகிறான் போலும்,
வெறுங்காலின் பொத் பொத்.
என் வாசலில் இன்னும் மெதுவாக.
தெருக்கதவு, ஒரு இருமல்,
பனியில் கரையும் நடை.
லிஃப்ட் அசையவே இல்லை.

2.56. அணைந்தது.

எழுந்திருக்கவில்லை நான்.
நாற்காலியில் சரிந்தபடியே இருந்தேன்,
கழுத்து ஒருபக்கம், கால் ஒருபக்கம்,
பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின்
உடம்பு தானே கண்டுபிடித்துக்கொள்ளும் சாய்மானம்.
மேஜைக்கடியில் வலது முழங்காலுக்கு
இதமான ஒரு முட்டு கிடைத்திருந்தது.
குனிந்து பார்த்தேன்.

பொத்தான்.

நான்கு நொடி அழுத்தினால் அணையும்,
அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.
என் களைப்பு தினமும்
சரியாக நான்கு நொடி எண்ணியிருக்கிறது.

பெட்டியைத் தள்ளி வைத்திருந்தாலே போதும்.
கோபத்தில் பொத்தானின் ஒயரையே பிடுங்கிவிட்டேன்.
இப்போது காலையில் மூடாத பெட்டிக்குள் தலையை விட்டு
இரண்டு ஊசிக் கம்பிகளை
ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட வேண்டும்.
விழித்துக்கொள்கிறது.
அதன்பிறகு விடியவிடிய ஓடுகிறது,
நான் எப்படிச் சாய்ந்தாலும்.

கோச்சாவிடம் சொல்ல வேண்டும்.
சொல்லலாம் என்று கதவுவரை போவேன்,
பொத் பொத்தென்று கடந்துவிடுவான்.
நேற்று ஆறாம் மாடியில் ஏதோ தடுக்கிற்று,
ஒரு கெட்ட வார்த்தை,
உடனே தனக்குத்தானே "ஷ்ஷ்".

மேஜைக்குத் திரும்பி அடிக்கிறேன்:
"இங்கே குறிப்பிடாத விளைவு எதையேனும் கண்டால்
தாமதியாமல் தெரிவிக்கவும்."